குட்டிக்கு ஓட்டம் பத்தலையா, தூக்கம் பத்தலையா? மேய்ச்சல் நாய்க்குட்டி வாங்கிட்டு முழிக்கிறவங்களுக்கு

சாயங்காலம் ஆறரை மணி, பாட்டி கொடியில காயிற துணிய எடுக்க போறாங்க, குட்டி பின்னாடியே போய் கைலி ஓரத்த கவ்வி இழுக்குது, பாட்டி கத்துறாங்க, கத்த கத்த அதுக்கு இன்னும் குஷி, அப்புறம் வீட்ட சுத்தி நாலு ரவுண்டு, சோபா மேல ஒரு ஜம்ப், கடைசியா தம்பி மகன் கணுக்கால்ல ஒரு கடி. "இதுக்கு காத்து கருப்பு ஏதோ புடிச்சிருக்கு, கோயில்ல மந்திரிச்சிட்டு வா"ன்னு பாட்டி சொல்லிட்டாங்க. அப்போ எங்க மணிக்கு பதிமூணு வாரம். பார்டர் கோலி, பேரு மட்டும்தான் நம்ம ஊரு பேரு.

நாங்க இருக்கிறது மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம், சுத்தி செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டம், கொஞ்சம் ரப்பர். இங்க நாய் வளக்காத வீடு கம்மி, ஆனா எல்லாம் கம்போங் நாய்தான், அதாவது நாட்டு நாய், அதுங்களுக்கு யாரும் ஒன்னும் கத்துக்குடுக்கல, தானா வளந்துச்சுங்க. இப்போ பார்டர் கோலி, கார்கி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட்னு ஆயிரக்கணக்கில ரிங்கிட் குடுத்து வாங்குறாங்க, வாங்கி ரெண்டே மாசத்துல "அண்ணே இது அடங்கவே மாட்டேங்குது"ன்னு வந்து நிக்கிறாங்க. அவங்களுக்குத்தான் இது.

மொதல்ல நான் செஞ்ச முட்டாள்தனத்த சொல்லிடுறேன். எனர்ஜி ஜாஸ்தி, ஓடவிட்டா அடங்கிடும்னு நெனச்சி அதோட நாலு மாச வயசுல தோட்டத்து செம்மண் ரோட்டுல மோட்டருக்கு (மோட்டர் சைக்கிளுக்கு) பின்னாடி ஓடவிட்டேன். மொத வாரம் இருபது நிமிஷத்துல வந்து படுத்துக்கிச்சு. மூணாவது வாரம் நாப்பது நிமிஷம் ஓடிட்டு வாசல்ல நின்னு "அடுத்து என்ன"ங்கிற மாதிரி என் மூஞ்சியவே பாக்குது. நான் அத களைப்பாக்கல, ஸ்டாமினா ஏத்தி விட்டிருக்கேன். அதுக்கு மேல மோட்டர் சத்தம் கேட்டாலே துரத்துற பழக்கமும் வந்துருச்சு, ஒரு நாள் காலையில முன்னங்கால ஊனாம நொண்டிக்கிட்டே வந்துச்சு, ஈப்போ டவுனுக்கு தூக்கிட்டு போனா டாக்டரு நல்லா திட்டுனாரு. குட்டிக்கு எலும்பு முனையெல்லாம் இன்னும் இளசா இருக்கும், பெரிய சாதி நாய்க்கு அது கெட்டியாக ஒரு வருஷம், ஒன்றர வருஷம் ஆகும், அதுக்குள்ள மோட்டருக்கு பின்னாடி ஓட்டுறது, உயரத்துல இருந்து குதிக்க விடுறது ரெண்டும் வேணாம்.

நான் அப்புறம்தான் யோசிச்சேன். இந்த நாய எதுக்கு வளத்தாங்க? இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவுல இருக்கிற மலைப்பக்கத்துல ஆடு மேய்க்க. 1893ல நார்தம்பர்லண்டுல ஓல்ட் ஹெம்ப்னு ஒரு நாய் பொறந்துச்சு, இன்னிக்கி இருக்கிற பார்டர் கோலிங்க பெரும்பாலும் அதோட வம்சம்தான். அது குரைக்காம கடிக்காம, அமைதியா வந்து நின்னு பார்வையாலயே ஆட்ட நகத்துமாம். இதுல ஓட்டம் ஒரு பங்குதான், மிச்சமெல்லாம் பாக்குறது, பதுங்குறது, சொல்ற வரைக்கும் அசையாம நிக்கிறது. எங்க தோட்டத்துல மாடு மேய்க்கிற தாத்தாகிட்ட ஒரு கருப்பு கம்போங் நாய் இருக்கு, பொழுதுக்கும் மர நிழல்ல படுத்திருக்கும், மாடு ரோட்ட தாண்டுனா மட்டும்தான் எந்திரிக்கும், திருப்பிட்டு வந்து மறுபடி படுத்துக்கும். நம்ம குட்டிக்கு கத்துக்குடுக்க வேண்டியது அந்தப் படுக்கையத்தான். ஓட அதுக்கே தெரியும்.

சரி, தூக்கம். நாலு மாசத்துக்கு கீழ இருக்கிற குட்டி ஒரு நாளைக்கு 18லிருந்து 20 மணி நேரம் தூங்கணும். மத்த குட்டிங்க களைப்பானா அப்படியே சுருண்டு படுத்துரும், இந்த சாதிங்க படுக்காது, வீட்டுல ஏதாச்சும் அசைஞ்சிக்கிட்டே இருந்தா அத பாத்துக்கிட்டே முழிச்சிருக்கும். தூக்கம் கெட்ட கொழந்த மாதிரிதான், கண்ணு செவந்து, கடி ஜாஸ்தியாகி, சொன்னது காதுல ஏறாம சுத்தும். பாட்டி சொன்ன காத்து கருப்பு அதுதான். அதனால ஒரு மணி நேரம் முழிச்சிருந்தா ரெண்டு மணி நேரம் படுக்க வைங்கன்னு ஒரு கணக்கு வச்சிக்கோங்க. கூண்டு இருந்தா நல்லது, மேல ஒரு பழைய போர்வய போட்டு மூணு பக்கம் மறைச்சிடுங்க, ஆனா காத்து வரணும். தகரக் கூரைக்கு கீழ மட்டும் மத்தியானத்துல வைக்காதீங்க, வெந்துரும். அடுப்படி டைல்ஸ் தரைதான் எங்க வீட்டுல சரிப்பட்டுச்சு, ஓரமா ஒரு ஃபேன். மொத நாலு நாள் அழும், பக்கத்துல உக்காந்துக்கோங்க, பேசவேணாம்.

நடக்குறதுக்கு, வயசுல ஒவ்வொரு மாசத்துக்கும் அஞ்சு நிமிஷம்னு ஒரு கணக்கு சொல்வாங்க, மூணு மாசக் குட்டின்னா ஒரு தடவைக்கு பதினஞ்சு நிமிஷம், நாளைக்கு ரெண்டு தடவ. இது சட்டமெல்லாம் இல்ல, ஒரு குத்துமதிப்பு. புல்லுல அது இஷ்டத்துக்கு மோந்துக்கிட்டு சுத்துறத இதுல சேக்க வேணாம். நம்ம வெயிலுக்கு காலையில எட்டு மணிக்குள்ள, சாயங்காலம் ஆறரைக்கு மேல. இதுங்களுக்கு ரெண்டு அடுக்கு முடி. தார் ரோட்டுல பொறங்கைய வச்சு பாருங்க, ஏழு விநாடி உங்களால தாங்க முடியலன்னா அது பாதமும் தாங்காது.

இப்போ சாக்கு பழக்கம், அதாவது கோணிச்சாக்கு மேல அமைதியா படுக்க பழக்குறது, மணிய மாத்துனதே இதுதான். ஒரு சுத்தமான கோணிச்சாக்க நாலா மடிச்சு போடுங்க. கையில அதோட பிஸ்கட் சாப்பாட்டுல இருந்து ஒரு இருபது உருண்ட. குட்டி சாக்கு மேல ஒரு கால வச்சாலும் ஒன்ன சாக்கு மேலயே போடுங்க, வாய்ல ஊட்டாதீங்க. படுத்துச்சுன்னா முன்னங்காலுக்கு நடுவுல ஒன்னு. சும்மா படுத்திருக்கும்போது பாத்தீங்கன்னா மொதல்ல ரெண்டு பின்னங்காலும் அடியில மடிஞ்சி ஸ்பிரிங் மாதிரி இருக்கும், அது எந்திரிக்க ரெடியா இருக்குன்னு அர்த்தம். கொஞ்ச நேரத்துல இடுப்பு ஒரு பக்கமா சாயும், ஒரு பெருமூச்சு விடும். அந்தப் பெருமூச்சு வந்த ஒடனே சத்தமில்லாம ஒரு உருண்டைய வைங்க. "குட் பாய்"னு கூச்சல் போட்டா எந்திரிச்சிடும், காரியம் கெட்டுச்சு. ஒரு நாளைக்கு மூணு நிமிஷம் ரெண்டு தடவ போதும். மூணு வாரத்துல நான் சாக்க கையில எடுத்தாலே கொட்டாவி விட ஆரம்பிச்சிச்சு.

கணுக்கால் கடிக்கு வருவோம். கார்கி இதுல பெரிய கில்லாடி, வேல்ஸ்ல மாட்டு குதிகால கடிச்சு ஓட்டுறதுக்குன்னே வளத்த நாய், பசங்க ஓடுனா அதுக்கு மாடு ஓடுற மாதிரி. பல்லு முளைக்கிற காலமும் சேந்துக்கும், மூணு மாசத்துல இருந்து ஆறேழு மாசம் வரைக்கும் பால்பல் 28ம் விழுந்து 42 பல்லு வரும், ஈறு அரிக்கும். கடிக்கும்போது கால இழுக்காதீங்க, இழுத்தா விளையாட்டுன்னு நெனைச்சிக்கும். மரம் மாதிரி நின்னுடுங்க, கையில இருக்கிற கயித்து பொம்மைய தரையில அசைச்சு காட்டுங்க, அத கவ்வட்டும். அதுக்கும் அடங்கலன்னா கடிகாரத்த பாருங்க, தூங்குற நேரம் தாண்டியிருக்கும். ரோத்தான் (பிரம்பு) எடுக்காதீங்க, பேப்பர சுருட்டியும் அடிக்காதீங்க. இந்த நாய்ங்க மொரட்டு நாய்ங்க இல்ல, நம்ம கண்ணு அசைவுலயே வேல செய்ய வளத்ததுங்க, ஒரு அடிய மாசக்கணக்கா ஞாபகம் வச்சிருக்கும்.

எனர்ஜி வேற, குணம் வேற, இத நெறைய பேரு கொழப்பிக்கிறாங்க. நாள் முழுக்க ஓடுற குட்டி தைரியசாலியா இருக்கணும்னு இல்ல. சத்தத்துக்கு பதறுதா, புது ஆள பாத்தா பின்னால போகுதா, பதறுனதும் எவ்வளவு சீக்கிரத்துல சரியாகுது, இதுதான் குணம். பதறுறது தப்பில்ல, பதறி திரும்பி வருதாங்கிறதுதான் முக்கியம். வாங்கும்போது ஏழு வாரக் குட்டிய மல்லாக்க போட்டு டெஸ்ட் பண்றேன்னு சிலர் செய்வாங்க, அத வச்சு பெரிசா ஒன்னும் சொல்லிட முடியாது, அம்மா நாய் எப்படி இருக்குன்னு பாருங்க, அது வந்தவங்கள பாத்து ஒளிஞ்சா யோசிங்க.

உலகத்த பழக்குற வயசு மூணு வாரத்துல இருந்து பதினாலு வாரம் வரைக்கும்தான், தடுப்பூசி முழுசா முடிய பதினாறு வாரம் ஆகும், இதுதான் சிக்கல். குட்டிங்க உயிரையே எடுக்கிற பார்வோ கிருமி மண்ணுல மாசக்கணக்கா கெடக்கும், அதனால கீழ விடாம தூக்கிட்டு போங்க. நான் மணிய மடியில வச்சிக்கிட்டு காப்பிக்கடை வாசல்ல உக்காருவேன், செம்பனைப் பழக் குலை ஏத்துன லோரி போவும், மில்லு சங்கு ஊதும், ஒவ்வொன்னுக்கும் ஒரு உருண்ட. பாசார் மாலாம் (ராத்திரி சந்தை) கூட்டத்துக்கு உள்ள போகல, எதிர் ரோட்டுல நின்னுட்டு வந்துட்டோம். உருமி மேளத்த போன்ல சின்ன சத்தத்துல போட்டு சாப்பாட்டு நேரத்துல பழக்குனேன், தைப்பூசத்துக்கு பிரச்சன இல்ல. தீபாவளி வெடிக்கு மட்டும் இன்னிக்கும் கட்டிலுக்கு அடியிலதான் இருக்கான், அத நான் பழக்க மறந்துட்டேன்.

மாடு, கோழி, மோட்டர் துரத்துறதுக்கு அஞ்சு மீட்டர் கயிறு வாங்குங்க. தலைய தாழ்த்தி, ஒரு முன்னங்கால தூக்கி, அசையாம பாக்க ஆரம்பிச்சா அதுதான் துரத்தலோட மொத படி, அங்கயே புடிக்கணும், ஓடுனதுக்கப்புறம் கூப்பிட்டு பிரயோசனம் இல்ல. தூரமா நின்னு சாப்பாட்ட நீட்டுங்க, வாங்குச்சுன்னா தூரம் சரி, வாங்கலன்னா நீங்க ரொம்ப கிட்ட நிக்கிறீங்க, பின்னால போங்க. தானா மாட்டுல இருந்து கண்ண எடுத்து உங்கள பாத்தா அள்ளி குடுங்க. பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் முஸ்லிம் அம்மா) மேல ஓடி விழாம இருக்கவும் இந்தக் கயிறுதான், எச்சில் பட்டா அவங்களுக்கு சிரமம், நமக்கும் சங்கடம். லேசர் லைட்டு காட்டி விளையாட்டு காட்டவே காட்டாதீங்க, பார்டர் கோலி அதுலயே பைத்தியமாகி அப்புறம் நிழல், வெளிச்சம்னு சுவத்தையே பாத்துக்கிட்டு நிக்கும். எங்க வீட்டுல டியூப் லைட்டு பக்கத்துல பல்லி ஓடும், அதுக்கே நான் மணிய வேற ரூமுக்கு மாத்துனேன்.

தோட்டத்துக்காரங்களுக்கு ரெண்டு விஷயம். செம்பனை அடியில மெழுகு கட்டி மாதிரி போடுற எலி மருந்த தின்னா அன்னிக்கே ஒன்னும் தெரியாது, மூணு அஞ்சு நாள் கழிச்சி ரத்தம் உறையாம போயி சோந்து விழும், தின்னுச்சுன்னு சந்தேகம் வந்தாலே டாக்டர்கிட்ட ஓடுங்க, நேரத்துக்கு போனா வைட்டமின் கே1 குடுத்து காப்பாத்திடலாம். அடுத்தது, ஆட்டுக்கு போடுற ஐவர்மெக்டின்ங்கிற புழு மருந்த உண்ணிக்குன்னு நாய்க்கும் ஊத்துற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், ஷெல்டி மாதிரி சாதிங்கள்ல எம்டிஆர்1ங்கிற ஜீன்ல கோளாறு இருக்கிறது சகஜம், அதுங்களுக்கு அந்த அளவு மூளைக்கு ஏறி உயிரே போயிடும். பார்டர் கோலிக்கு கம்மிதான், ஆனா கேக்காம போடாதீங்க.

இதெல்லாம் செஞ்சி அஞ்சு மாச வயசுல தங்கமா ஆயிடும், நீங்களும் நாலு பேருகிட்ட பெருமையா சொல்வீங்க, ஆனா எட்டு மாச வயசுல கூப்பிட்டா காதே கேக்காத மாதிரி நிக்கும், நேத்து வரைக்கும் தாண்டிப் போன குப்பைத் தொட்டிய பாத்து குரைக்கும். கெட்டுப் போகல, வயசுக்கு வருது, அவ்வளவுதான். ஒன்றர வருஷம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஏத்த எறக்கமாத்தான் இருக்கும். கழட்டி வச்ச அஞ்சு மீட்டர் கயித்த மறுபடி எடுத்து மாட்டுங்க, சாக்கையும் தொவைச்சி போடுங்க.