சாய்ந்த மூட்டில் வெல்டிங் அளவு பார்ப்பது

மதுரையில் கப்பலூர், புதூர் பக்கம் ஷெட் வேலை, டிரெய்லர் வேலை செய்கிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் இது. சாதாரண ஃபில்லட் கேஜ் (மூலையில் போடும் வெல்டின் அளவு பார்க்கும் தகடு) 90 டிகிரி மூட்டுக்குத்தான். சாய்ந்த மூட்டில் அதை நம்பவே கூடாது.

பலம் இருப்பது ‘த்ரோட்’ என்கிற கனத்தில், அதாவது வேரிலிருந்து (பிளேட்டுகள் சேரும் உள்மூலை) வெல்டின் முகம் வரையுள்ள கனத்தில். 6 மி.மீ. லெக் (மூலையிலிருந்து பிளேட் மேல் வெல்ட் பரவும் நீளம்) போட்டால் 90 டிகிரியில் த்ரோட் 4.2 மி.மீ. வரும். அதே லெக் 120 டிகிரியில் வெறும் 3 மி.மீ.தான்! அங்கே 4.2 வேண்டுமென்றால் லெக் 8.5 வேண்டும். பிளேட்டுகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் இன்னும் கூட்டிப் போடுங்கள்.

சோதிக்க ஒரு தகரம் போதும். 120 டிகிரி முனையாக வெட்டி, முனையிலிருந்து இரு பக்கமும் 8.5 மி.மீ. குறித்து, இரண்டு குறிகளையும் சேர்த்து முனையை நேராக நறுக்கிவிடுங்கள். ஸ்லாக்கை (வெல்ட் மேல் படியும் கசடு) தட்டிச் சுத்தம் செய்த பிறகு மூட்டில் வைத்துப் பாருங்கள். நறுக்கிய விளிம்புக்கும் வெல்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் அளவு பத்தாது.

குறுகலான பக்கம், அதுவும் 60 டிகிரிக்குக் கீழே என்றால், வெளியே கொழுகொழுவென்று தெரியும். உள்ளே வேர் நிரம்பாமல் இருக்கும். அதை எந்த கேஜும் காட்டாது. அதே கோணத்தில் ஒரு துண்டு வெல்ட் செய்து, குறுக்கே அறுத்து, தேய்த்துப் பார்த்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள்.