டிம்மர் பல்பு கண்ணடிக்கிறதா? கோடிங்கில் கை வைக்கும் முன்

கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கோழிக்குஞ்சு இறக்கியவர் வீட்டில் ராத்திரி முழுக்கக் குண்டு பல்பு எரியும். முதல் வாரக் குஞ்சுக்கு 35 டிகிரி சூடு வேண்டும். பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று டிகிரியாகக் குறைக்க வேண்டும். பல்பைக் கயிற்றில் ஏற்றி இறக்கித்தான் இதைச் செய்வது வழக்கம். பக்கத்து வீட்டுப் பாலிடெக்னிக் பையன் ஆர்டுயினோ ஊனோ என்ற குட்டிக் கணினிப் போர்டில் டிம்மர், அதாவது பல்பின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி, செய்ய இறங்கினான். மூன்றாம் நாள் என்னிடம் வந்து நின்றான்.

"அண்ணா, பல்பு கண்ணடிக்குதுங்ணா. கோடிங்கை மூணு தடவ மாத்தி எழுதிட்டேன்."

"எத்தனை செகண்டுக்கு ஒருக்கா கண்ணடிக்குது?"

அவன் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. முதல் தவறு இதுதான். பல்பு எந்த நேரத்தில், எந்தத் தாளத்தில் துடிக்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

நம் வீட்டுக் கரண்டு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதன் வோல்டேஜ் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும். அரை அலைக்கு 10 மில்லிசெகண்டு. பூஜ்யத்தைக் கண்டதும் கொஞ்சம் காத்திருந்து டிரையாக் என்ற மின்னணு சுவிட்சின் கேட் காலைத் தட்டுவதுதான் டிம்மரின் வேலை. காத்திருப்பு குறைந்தால் வெளிச்சம் கூடும். தட்டிய டிரையாக் அடுத்த பூஜ்யம் வரை எரியவிடும், அங்கே தானாக அணையும்.

ஆர்டுயினோவின் அனலாக்ரைட் கட்டளையைப் போட்டால் எல்இடி மங்குகிறதே, அதையே இங்கேயும் போடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த 490 ஹெர்ட்ஸ் துடிப்புக்கும் மின்வாரிய அலைக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பல்பு தாறுமாறாகத் துடிக்கும்.

கடையில் டிரையாக்கைத் தட்டும் எம்ஓசி 3021 சிப் இல்லையென்று 3041-ஐக் கொடுப்பார்கள், "ரெண்டும் ஒண்ணுதான்" என்று. ஒன்றில்லை. 3041-க்கு உள்ளேயே பூஜ்யம் பார்க்கும் வேலை இருக்கிறது. நீங்கள் அலையின் நடுவில் தட்டினாலும் அடுத்த பூஜ்யத்தில்தான் திறக்கும். பல்பு ஒன்று முழுதாக எரியும், இல்லை அணைந்திருக்கும். மங்கவே மங்காது. இதற்காகக் கோடிங்கைத் திருத்தி ஒரு ராத்திரியை வீணாக்கியவன் நான்.

பூஜ்யம் பார்க்க பிசி 817-ஐ (ஒளி வழியாகச் சிக்னல் கடத்தும் சிப்) டயோடு பிரிட்ஜ் இல்லாமல் போட்டால் நொடிக்கு 50 துடிப்புதான் வரும், பாதி அலை போச்சு. எதிர்ப்பக்க அலையில் அதன் உள் எல்இடியும் செத்துப்போகும். அதற்கு முன்னால் வரும் 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டும் அரை வாட்டாவது இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 0.28 வாட் தின்னும். கால் வாட் போட்டவன் போர்டில் பழுப்பு வளையம் விழுந்திருந்தது.

இனி கோடிங். இணையத்தில் கிடைக்கும் பழைய கோடுகளில் படிக்கு 65 மைக்ரோசெகண்டு காத்திருப்பு, மொத்தம் 128 படி என்று பார்த்திருப்பீர்கள். பெருக்கினால் 8320. அது 60 ஹெர்ட்ஸ் நாட்டுக் கணக்கு, அங்கே அரை அலை 8333. இங்கே அப்படியே போட்டால், குமிழைக் கடைசிவரை திருகினாலும் இழை லேசாகச் சிவந்தே நிற்கும். பையன் இதைக் கண்டுபிடித்து 78 ஆக்கியிருந்தான். கெட்டிக்காரன்தான். ஆனால் 78 × 128 = 9984. கிரிட் (நாட்டு மின்வலை) 50 ஹெர்ட்ஸில் ஆணியடித்து நிற்பதில்லை, அனுமதி 49.90 முதல் 50.05 வரை. தட்டுவது கொஞ்சம் பிந்தினால் அது அடுத்த அரை அலையின் தொடக்கத்தில் விழும், அந்த அரை அலை முழுக்க எரியும். ஆக மங்கலாக வைக்கும்போது பல்பு பளிச்சென்று அடித்தால் காத்திருப்பு அதிகம் என்று பொருள். 9000 மைக்ரோசெகண்டுக்கு மேல் போகவிடாதீர்கள். முழு வெளிச்சத்தில் வைக்கும்போது இருட்டடித்தால் இதன் தலைகீழ்: சிக்னல் உண்மையான பூஜ்யத்துக்குச் சற்று முன்பே வந்துவிடுகிறது, உடனே தட்டினால் டிரையாக் திறந்த கையோடு பூஜ்யத்தில் அணைந்துவிடும். 1000 மைக்ரோசெகண்டாவது பொறுக்கச் சொல்லுங்கள்.

இரண்டையும் சரிசெய்தோம். பல்பு இன்னமும் கண்ணடித்தது. இப்போது பையன் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினான்.

"ரெண்டு செகண்டுக்கு ஒருக்காங்ணா. கரெக்டா."

சூடு பார்க்க டிஎச்டி 22 சென்சார் வைத்து, இரண்டு நொடிக்கு ஒருமுறை படிக்கும்படி எழுதியிருந்தான். அதைப் படிக்கும் லைப்ரரி (ஆயத்தக் கோடிங்) 40 பிட்டையும் வாங்கி முடிக்கும்வரை, ஏறத்தாழ 4, 5 மில்லிசெகண்டுக்கு, இன்டரப்ட்டை, அதாவது பூஜ்யம் வந்ததும் ஊனோவின் வேலையை இடைமறித்துச் சொல்லும் அழைப்பை, அடைத்துவிடும். அந்நேரம் பூஜ்யம் வந்தால் செய்தி தாமதமாகத்தான் காதில் விழும், தட்டும் தாமதமாகும். சென்சாரைக் கழற்றினோம், கண்ணடிப்பது நின்றது. தெர்மிஸ்டரை (சூட்டுக்கேற்ப மாறும் ரெசிஸ்டர்) அனலாக் பின்னில் வைத்ததும் தீர்ந்தது. அதைக்கூட மெயின் லூப்பில்தான் படிக்க வேண்டும், இன்டரப்ட்டுக்குள் அல்ல. இன்டரப்ட்டுக்குள் டிலே போட்டால் ஊனோ அப்படியே நின்றுவிடும். சீரியல் பிரிண்ட்டும் அங்கே வேண்டாம்.

கை பத்திரம். பிடி 136 டிரையாக்கின் முதுகுத் தகடு, மெயின்ஸ் கரண்டு ஓடும் எம்டி 2 காலுடன் சேர்ந்தது. ஹீட்சிங்கைத் தொட்டால் 230-ஐத் தொட்டதாக அர்த்தம். ஒயரைச் சொருகிப் பார்க்கும் பிரெட்போர்டில் மெயின்ஸ் வேண்டவே வேண்டாம். புள்ளி போர்டில் 5 வோல்ட் பக்கத்துக்கும் மெயின்ஸ் பக்கத்துக்கும் நடுவே மூன்று வரிசைச் செம்பைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

சோதனைக்கு எல்இடி பல்பை மாட்டாதீர்கள். டிம்மபிள் என்று எழுதாத எல்இடி, சர்க்யூட் சரியாக இருந்தாலும் துடிக்கும். டிரையாக்குக்குக் குறுக்கே போடும் ஸ்னப்பர் கெப்பாசிட்டர் 100 நானோஃபாரட் என்றால் அது வழியாகவே 7 மில்லிஆம்பியர் கசியும், அணைத்த எல்இடியும் மினுக்கும். 40 அல்லது 60 வாட் குண்டு பல்புதான் நல்லது. கேரளத்தில் 2020 நவம்பர் முதல் குண்டு பல்பு விற்கத் தடை என்று பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். நமக்கு பொள்ளாச்சி பக்கத்தில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று மிஞ்சியது. கரண்டு போய் பழைய சதுர அலை இன்வெர்ட்டர் ஓடும்போது பூஜ்யம் எங்கே என்று சர்க்யூட்டுக்குப் பிடிபடவில்லை, பல்பு பேயாட்டம் ஆடியது. அதற்குக் கோடு எழுதவில்லை. டிம்மரைத் தாண்டி நேராகப் பல்புக்குப் போகும்படி ஒரு சுவிட்ச் வைத்தோம். இன்வெர்ட்டர் ஓடும் நேரத்துக்குப் பழைய கயிறும் அப்படியே தொங்குகிறது.