பெக்டேட் லையேஸ் நொதியை ஆய்வகத்தில் பயன்படுத்துவது எப்படி: சேமிப்பு, செயல்திறன் அளவீடு, திசு வெட்டுகள்

உருளைக்கிழங்கை மென்னழுகல் நோயில் கூழாக்கும் டிக்கெயா, பெக்டோபாக்டீரியம் ஆகிய பாக்டீரியாக்களின் முக்கியமான ஆயுதம் பெக்டேட் லையேஸ். தாவர செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பெக்டினை இது வெட்டுகிறது. இதன் மரபணுவை இ. கோலையில் ஏற்றி, உருவாகும் புரதத்தைத் தூய்மைப்படுத்தி ஆய்வகங்களுக்கு அனுப்புகிறார்கள். குப்பியில் இருப்பது புரதம் மட்டுமே, உயிருள்ள நோய்க்கிருமி கிடையாது. லேபிளில் எர்வினியா என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அது இந்தப் பாக்டீரியாக்களின் பழைய பேரினப் பெயர்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றை மனதில் நிறுத்துங்கள்: கால்சியம் இல்லாமல் இந்த நொதி வெட்டாது. நொதிக்கும் பெக்டேட் (எஸ்டர் நீங்கிய பெக்டின்) சங்கிலிக்கும் நடுவே கால்சியம் அயனிகள் பாலமாக நின்றால்தான் வினை நடக்கும். "நொதி செத்துவிட்டது" என்று தூக்கி எறியப்படும் குப்பிகள் பலவற்றில் நொதி நன்றாகவே இருக்கும், பஃபரில்தான் (பி.எச்சை நிலையாக வைக்கும் கரைசலில்) கோளாறு. இ.டி.டி.ஏ கலந்த பஃபர் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பாஸ்பேட் பஃபரில் கால்சியம் பாஸ்பேட்டாக வீழ்படிந்துவிடும். சிட்ரேட்டும் கால்சியத்தைக் கட்டிப்போடும். இந்த மூன்றையும் தவிர்த்து டிரிஸ் பயன்படுத்துங்கள்.

சேமிப்பு

அம்மோனியம் சல்பேட்டில் தொங்கலாக (கரையாத துகள்கள் மிதக்கும் திரவமாக) வந்திருந்தால் 4 டிகிரி செல்சியஸில் வையுங்கள், உறைய விடாதீர்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பதுதான் நொதி. எடுப்பதற்கு முன் குப்பியை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பிக் கலக்க வேண்டும். கலக்காமல் மேலிருந்து எடுத்தால் முதல் நாள் நொதியே இல்லாமலும், கடைசி நாள் பல மடங்கு கூடுதலாகவும் கிடைக்கும். கிளிசராலில் வந்ததை மைனஸ் 20 டிகிரியில் வைக்கலாம்.

செயல்திறன் அளவீடு

லையேஸ், நீரைச் சேர்க்காமலே சங்கிலியை வெட்டுகிறது. அதனால் புதிய முனையில் ஓர் இரட்டைப் பிணைப்பு உருவாகிறது. அது 235 நானோமீட்டர் புற ஊதாக் கதிரை உட்கவரும். நிறமூட்டும் வினைபொருள் எதுவும் தேவையில்லை. வினை நடக்கும்போதே அளக்கலாம்.

தேவையானவை: 100 மில்லிமோலார் டிரிஸ், பி.எச் 8.5, 0.5 சதவீதப் பாலிகேலக்டூரோனிக் அமிலக் கரைசல் (நொதி வெட்டப்போகும் பெக்டேட் சங்கிலி இதுதான்), 10 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, குவார்ட்ஸ் கியூவெட் (ஒளி உட்கவர்ச்சியை அளக்கும் கருவியில் வைக்கும் சிறு கலம்). சாதாரணக் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் 235 நானோமீட்டரைத் தாமே விழுங்கிவிடும்.

பாலிகேலக்டூரோனிக் அமிலம் வெறும் தண்ணீரில் கரையாது. தண்ணீரில் தூவிக் கலக்கிக்கொண்டே, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பி.எச்சை 8 அருகே கொண்டுவாருங்கள். காரம் அதிகமானால், குறிப்பாகச் சூடாக இருக்கும்போது, சங்கிலி தானாகவே உடையத் தொடங்கும். பிறகு மையவிலக்கியில் சுழற்றி மேலே நிற்கும் தெளிந்த திரவத்தை மட்டும் எடுங்கள்.

டிரிஸ்ஸின் பி.எச் வெப்பநிலை ஒரு டிகிரி கூடுவதற்குச் சுமார் 0.028 குறையும். 25 டிகிரியில் 8.5 ஆக வைத்த பஃபர் 40 டிகிரியில் 8.1 அருகே வந்துவிடும். எந்த வெப்பநிலையில் அளக்கப்போகிறீர்களோ அங்கேயே பி.எச்சைச் சரிசெய்யுங்கள்.

கியூவெட்டில் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள்: டிரிஸ் 500 மைக்ரோலிட்டர், தண்ணீர் 240, பாலிகேலக்டூரோனிக் கரைசல் 200, கால்சியம் குளோரைடு 50. கால்சியத்தை விட்டவுடன் கலக்கிவிடுங்கள். அது ஓரிடத்தில் அடர்ந்து நின்றால் பெக்டேட் ஜெல்லாகத் திரளும். 40 டிகிரிக்கு வந்ததும் பூஜ்யமாக்கி, நீர்த்த நொதி 10 மைக்ரோலிட்டர் விட்டு, முதல் 3 நிமிடங்களில் உட்கவர்ச்சி ஏறும் அளவைப் பதிவு செய்யுங்கள்.

நொதியை நீர்க்கும் பஃபரில் மில்லிலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் மாட்டு சீரம் அல்புமின் இருக்கட்டும். மிக நீர்த்த புரதம் குழாய்ச் சுவரில் ஒட்டிக் காணாமல் போவதை அது தடுக்கும்.

கணக்கு எளிது. மோலார் உட்கவர் கெழு 4600 என்று கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 0.1 ஏறினால், 1 மில்லிலிட்டர் கியூவெட்டில் நிமிடத்துக்கு 0.022 மைக்ரோமோல் விளைபொருள், அதாவது 0.022 அலகு. இதை நீர்ப்புக் காரணியால் பெருக்கி, சேர்த்த 0.01 மில்லிலிட்டரால் வகுத்தால் மூலக் குப்பியின் செறிவு கிடைக்கும். நொதியை இரட்டித்தால் ஏற்றமும் இரட்டிக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இரட்டிக்காவிட்டால் இன்னும் நீர்க்க வேண்டும்.

எதிர்க்கட்டுப்பாடாக (வினை நடக்கக்கூடாத ஒப்பீடாக), கால்சியத்துக்குப் பதில், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இ.ஜி.டி.ஏ 5 மில்லிமோலார் சேர்த்த ஒரு கியூவெட் வையுங்கள். அதில் ஏற்றம் தட்டையாக இருக்க வேண்டும். அங்கேயும் ஏறினால், நீங்கள் அளப்பது பெக்டேட் லையேஸை அல்ல. கோடு நடுங்கி மேலும் கீழும் குதித்தால் ஜெல் துணுக்குகளோ குமிழிகளோ காரணம். கால்சியத்தைப் பாதியாக்கிப் பாருங்கள்.

திசு வெட்டுகளில்

ஹோமோகேலக்டூரோனன் (பெக்டினின் முக்கியச் சங்கிலி) மறைத்திருக்கும் சைலோகுளூக்கன் போன்ற பாலிசாக்கரைடுகளை எதிர்ப்பொருளால் காட்டுவதற்கு முன், இந்த நொதியால் மறைப்பை அகற்றலாம். நொதி மீதைல் எஸ்டர் நிறைந்த பெக்டினைத் தொடாது என்பதால், முதலில் 0.1 மோலார் சோடியம் கார்பனேட்டில், பி.எச் 11.4, 2 மணி நேரம் ஊறவைத்து எஸ்டரை நீக்குங்கள். நன்றாகக் கழுவுங்கள், மிச்சமிருக்கும் கார்பனேட் கால்சியத்தை வீழ்படிவாக்கிவிடும். பிறகு 50 மில்லிமோலார் கேப்ஸ் பஃபர், பி.எச் 10, அதில் 2 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு, மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் நொதி, அறை வெப்பநிலையில் 2 மணி நேரம். உங்கள் நொதி பி.எச் 10-இல் தளர்ந்தால் 8.5 டிரிஸ்ஸுக்கு மாறி நேரத்தைக் கூட்டுங்கள்.

பக்கத்தில், நொதி மட்டும் இல்லாமல் மற்ற எல்லாப் படிகளையும் கடந்த ஒரு வெட்டு இருக்க வேண்டும். கார்பனேட் தனியாகவே திசுவை மாற்றும் என்பதால், அந்த வெட்டு இல்லாமல் எந்த முடிவையும் நம்ப முடியாது. எஸ்டர் நீங்கிய பெக்டினைப் பிடிக்கும் எல்.எம்.19 எதிர்ப்பொருளை இரண்டிலும் இட்டுப் பாருங்கள். கட்டுப்பாட்டு வெட்டில் பளிச்சென்றும், நொதி பட்ட வெட்டில் ஏறத்தாழ இருண்டும் இருந்தால் செரிமானம் முடிந்துவிட்டது, சைலோகுளூக்கனுக்கான எல்.எம்.15-ஐ அதன் பிறகு இடலாம்.