பழைய கல்சுவருக்குப் புதுச் சாந்து வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில், குறிப்பாகப் புளியந்தீவுப் பக்கம், சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. கருங்கல், முருகைக்கல், செங்கல் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்து எழுப்பிய தடித்த சுவர்கள். வீட்டுக்குள்ளே அப்படி ஒரு சுவரில் கல்லிடுக்குச் சாந்து உதிர்ந்து நிலத்தில் மணலாகக் கொட்டத் தொடங்கினால், பலர் உடனே ஒரு பை சீமெந்து வாங்கி வந்துவிடுகிறார்கள். இருக்கும் தவறுகளில் பெரியது அதுதான்.

சீமெந்து பலம்தானே என்பார்கள். பலம்தான், சிக்கலும் அதில்தான் இருக்கிறது. பழைய வீடுகளின் அத்திவாரத்தில் ஈரத்தைத் தடுக்கும் படை கிடையாது. வாவி சூழ்ந்த ஊரில் நிலத்து ஈரம் சுவரில் ஏறிக்கொண்டே இருக்கும், கூடவே உப்பும் ஏறும். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது, நுண்துளைகள் நிறைந்தது. ஏறிய ஈரம் அதன் வழியாக வெளியேறிக் காயும், உப்பும் அதிலேயே பூக்கும். காலப்போக்கில் சாந்து உதிரும், கல் தப்பிவிடும். அந்த வழியைச் சீமெந்தால் அடைத்துவிட்டால் ஈரம் கல்லின் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். அப்போது உப்பு கல்லின் மேற்பரப்புக்குள் படிகமாகி அதை உள்ளிருந்தே பிளக்கும். சீமெந்து வைத்துப் பல வருடமான முருகைக்கல் சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். சீமெந்துக் கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும், நடுவில் இருந்த கல் குழிந்து, விரல் பட்டாலே பொடியாகக் கொட்டும்.

கெதியாக இறுகட்டும் என்று சுண்ணாம்போடு கொஞ்சம் சீமெந்து சேர்க்கும் மேசன்மாரும் உண்டு. அதற்கும் இடம் கொடுக்காதீர்கள். இறுக்கம் வேண்டுமென்றால் நன்றாகச் சலித்த செங்கல் தூள் சேர்க்கலாம். நம் பக்கத்துப் பழைய கட்டுமானங்களில் பழகிய வழி அது.

சரி, சாந்து ஏன் உதிர்ந்தது? இதைக் கேட்காமல் வேலையைத் தொடங்குவது அடுத்த தவறு. பீலி ஒழுகுகிறதா, ஓடு விலகியிருக்கிறதா, வெளியே முற்றத்து மண் வீட்டின் தரைமட்டத்துக்கு மேலே ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைச் சரிசெய்து, சுவரைச் சில மாதம் காயவிட்ட பிறகுதான் சாந்து. சுவர் பிதுங்கியிருந்தாலோ நீளமாக வெடித்திருந்தாலோ சாந்து வைத்து அதை மறைக்காமல் வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

பழைய சாந்தை கிரைண்டரால் வெட்டக்கூடாது. கல்லின் விளிம்பு போய்விடும். இடுக்கைவிட ஒடுக்கமான உளியும் சிறிய சுத்தியலும் போதும். இடுக்கின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம் எடுங்கள். உளிக்கு அசையாத சாந்து நல்ல சாந்து, அதை விட்டுவிடுங்கள். எடுத்த துண்டுகளில் ஒன்றைக் கையில் வைத்து நொறுக்கிப் பார்ப்பது நல்லது. வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டி, சிப்பித் துண்டு, பருமனான மணல் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். புதுச் சாந்துக்கான மணலை அதைப் பார்த்தே தெரிவு செய்யலாம்.

கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், அதில் உப்பு இருக்கிறது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல் நல்ல தொடக்கம். நீற்றித் தண்ணீருக்கு அடியில் ஊறவைத்த சுண்ணாம்புக் களி கிடைத்தால் சிறப்பு. பை திறந்து நாள்பட்டுக் கிடந்த தூள் காற்றுப் பட்டே வீரியம் இழந்திருக்கும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, ஆகவே கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடவேண்டாம்.

இடுக்கைத் தூசி போகத் தூரிகையால் துடைத்து, தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். தண்ணீர் வழிய நிற்கக்கூடாது. காய்ந்த கல் சாந்தின் ஈரத்தை ஒரு நொடியில் உறிஞ்சிவிடும், பிறகு அது பிடிக்காது. ஆழமான பொந்தை ஒரே தடவையில் நிரப்பினால் வெடிக்கும். சிறு கல் சொருகி, படைபடையாக அழுத்துங்கள். கல்லின் முகத்தில் சாந்தை இழுத்துப் பூசாமல் விளிம்புக்குச் சற்று உள்ளேயே நிறுத்துங்கள். பெருவிரலால் அழுத்தினால் பதியாத அளவுக்கு இறுகியதும் தடித்த தூரிகையால் குத்திவிட்டால் மேற்பரப்பு திறந்து, சாந்து மூச்சுவிடும்.

இங்கே பலர் சறுக்குவது காயவிடுவதில்தான். சுண்ணாம்பு இறுகுவதற்குக் காற்றிலுள்ள கரியமில வாயு வேண்டும், கூடவே கொஞ்சம் ஈரமும் வேண்டும். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலைத் திறந்து வைத்தாலோ மின்விசிறியைச் சுழலவிட்டாலோ சாந்து வெறும் மணலாகத்தான் காயும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, ஒரு கிழமையாவது லேசாகத் தண்ணீர் தெளித்துவாருங்கள். மாரி முடிந்து கச்சான் தொடங்குமுன் உள்ள மாசி, பங்குனிதான் இந்த வேலைக்குத் தோதான காலம்.

வேலை முடிந்ததும் மினுமினுப்புக்காக வார்னிஷோ நீர்புகாப் பூச்சோ அடித்தால் சீமெந்து செய்த அதே கெடுதலை அதுவும் செய்யும். சில மாதம் கழித்து வெள்ளையாக உப்புப் பூத்தால் தண்ணீரால் கழுவாதீர்கள். கரைந்து மறுபடி உள்ளே போய்விடும். உலர்ந்த தூரிகையால் தட்டி, விழும் பொடியைக் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள்.