ஸ்பான்சர் செய்யும் குழந்தையைப் பார்க்கக் குடும்பத்தோடு போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தொண்டு நிறுவனம் மூலம் பணம் கட்டி, வெளிநாட்டில் இருக்கும் ஒரு குழந்தையை ஆதரிப்பதுதான் ஸ்பான்சர்ஷிப். அந்தக் குழந்தையைப் பார்க்கப் போகும்போது தவறு பெரும்பாலும் டிக்கெட்டில்தான் தொடங்குகிறது. பள்ளி விடுமுறை, மலிவான கட்டணம் எல்லாம் பார்த்து விமான டிக்கெட் போட்டுவிட்டு, அப்புறம்தான் தொண்டு நிறுவனத்துக்கு "இந்தத் தேதியில் வருகிறோம், குழந்தையைப் பார்க்கலாமா?" என்று எழுதுவார்கள். இந்த வரிசையே தலைகீழ். வேர்ல்டு விஷன், பிளான் இன்டர்நேஷனல், கம்பேஷன் போன்ற நிறுவனங்களில் சந்திப்புக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். வரப்போகும் பெரியவர்களின் பின்னணியைச் சரிபார்ப்பார்கள். குழந்தைப் பாதுகாப்பு விதிகளை ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்து வாங்குவார்கள். குழந்தையின் வீட்டாரும் சம்மதிக்க வேண்டும். அந்த வாரம் குழந்தைக்குப் பரீட்சையாக இருக்கலாம், மழையில் ஊருக்குப் போகும் சாலை அடைபட்டிருக்கலாம். தேதி உறுதியான பிறகு டிக்கெட் போடுவதுதான் சரி.

"இத்தனை வருடமாகப் பணம் கட்டுகிறேன், என்னையே சந்தேகப்படுகிறார்களா?" என்று சிலருக்குக் கோபம் வரும். குழந்தையின் பக்கம் நின்று பாருங்கள்: கடிதத்தில் மட்டும் தெரிந்த ஒரு வெளிநாட்டுக்காரர் நீங்கள். அவ்வளவுதான். நல்லவருக்கும் கெட்டவருக்கும் ஒரே சோதனை இருந்தால்தான் அது சோதனை. ஊர்ப் பெயரை எப்படியோ கண்டுபிடித்து, சொல்லாமல் கொள்ளாமல் போய் ஆச்சரியப்படுத்தலாம் என்ற யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். ஸ்பான்சர்ஷிப் ரத்தாகும் அளவுக்கு அது போகலாம்.

உடல்நல ஏற்பாடுகளில் அதிகம் பேர் சறுக்குவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில். கொசுவால் பரவும் இந்த நோய்க்கு ஊசி போட்ட சான்றிதழைச் சில நாடுகள் நுழைவிலேயே கேட்கும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். 2016 ஜூலையில் விதி மாறியதிலிருந்து, எப்போது போட்டிருந்தாலும் ஒரு ஊசியே ஆயுளுக்கும் போதும். நேராகப் போனால் அந்தச் சான்றிதழைக் கேட்காத நாடு, நடுவில் மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டில் விமானம் மாறி வந்தால் கேட்கக்கூடும். ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தைக்குப் பொதுவாக இந்த ஊசி போடுவதில்லை. அதனால் பயணத் தடம் முடிவாவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு போவதானால், மற்றவரின் சம்மதக் கடிதமும் பிறப்புச் சான்றிதழும் கையில் இருக்கட்டும்.

அடுத்தது பரிசு. ஆர்வம் எல்லை மீறுவது பெரும்பாலும் இங்கேதான். பெரிய பெட்டி நிறையச் சாமான் கொண்டுபோய், முற்றத்தில் வைத்துத் திறப்பார்கள். சுற்றி அண்ணன், தங்கை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், வேலி ஓரத்தில் ஸ்பான்சர் கிடைக்காத இன்னும் நாலு பிள்ளைகள். ஒரே ஒரு குழந்தையின் கையில் டேப்லெட். நீங்கள் வண்டி ஏறிய பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும்? சண்டை வரலாம், கடன் கேட்டு ஆள் வரலாம், பொருள் திருடு போகலாம். பணத்தைக் கையில் திணிப்பதும் இதே வகைதான். நிறுவனங்கள் 'எளிய பரிசு போதும்' என்று சொல்வது இதனால்தான்.

எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் பொருள் நல்லது. கால்பந்து கொண்டுபோகிறீர்களா, காற்றடிக்கும் பம்பையும் ஊசியையும் மறக்காதீர்கள். இல்லையென்றால் பையிலிருந்து வெளியே வருவது ஒரு சப்பைத் தோல்தான். பேட்டரி தேவைப்படும் பொம்மை ஒரு வாரத்தில் குப்பை. நோட்டு, பென்சிலைப் பள்ளிக்கோ நிறுவனத்தின் திட்ட மையத்துக்கோ மொத்தமாகக் கொடுத்துவிடலாம். வீட்டுக்கு ஏதாவது செய்ய ஆசையா? களப்பணியாளரோடு அங்குள்ள சந்தைக்குப் போய், தானியமோ போர்வையோ அவர் சொல்வதை வாங்குங்கள். எல்லாவற்றையும் விட அதிகம் பேர் கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பது, அச்சிட்டுக் கொண்டுபோன உங்கள் குடும்பப் படங்களைத்தான். பகட்டான வீடு, கார் தெரியும் படங்கள் மட்டும் வேண்டாம்.

சாப்பாட்டையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். விருந்தாளி வருகிறார் என்று கடன் வாங்கியாவது சமைத்துவிடும் குடும்பங்கள் உண்டு. மதிய உணவுச் செலவை நிறுவனத்தின் உள்ளூர் அலுவலகம் மூலம் நீங்களே ஏற்றுக்கொண்டால் அவர்களுக்கும் கௌரவம் குறையாது. வைத்த உணவைப் பார்த்து உங்கள் பிள்ளை முகம் சுளித்தால்தான் தர்மசங்கடம். கழிவறை எப்படி இருக்கும், யார் யார் தொட்டுப் பார்க்க வருவார்கள் என்றெல்லாம் வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள். "பார்த்தாயா, நீ எவ்வளவு கொடுத்து வைத்தவன்!" என்று அந்த வீட்டு வாசலிலேயே பாடம் நடத்துவது மகா அசிங்கம். மொழி புரியாவிட்டாலும் தொனி புரியும்.

குழந்தை ஓடி வந்து கட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றம் நிச்சயம். பல குழந்தைகள் முதல் ஒரு மணி நேரம் தலையே நிமிர மாட்டார்கள். அதை நன்றிகெட்டத்தனமாகவோ சோகமாகவோ எடுத்துக்கொள்ளாதீர்கள், வெட்கம்தான். நீங்களாகப் போய்த் தூக்காதீர்கள். மொழிபெயர்ப்பாளர் முகத்தைப் பார்த்து "அவளுக்கு என்ன பிடிக்கும் என்று கேளுங்கள்" என்பதை விட, குழந்தையைப் பார்த்து "உனக்கு என்ன விளையாட்டு பிடிக்கும்?" என்று கேளுங்கள். ஒரு வாக்கியம் பேசி நிறுத்துங்கள். பேச்சு நகரவில்லையா, ஸ்கிப்பிங் கயிறை எடுத்து உங்கள் பிள்ளை கையில் கொடுங்கள். பெரியவர்கள் தள்ளி உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்தது.

கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு: "நாங்கள் அனுப்பும் பணத்தில் உனக்கு என்ன வாங்கிக் கொடுத்தார்கள்?" பிளான் நிறுவனம் 1937-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காகத் தொடங்கியபோது, ஒரு குழந்தைக்கு ஒரு ஆதரவாளர் என்பதே ஏற்பாடு. இன்று பிளானிலும் வேர்ல்டு விஷனிலும் அந்தப் பணம் ஊருக்கான குடிநீர், பள்ளி, சுகாதாரம் என்று பொதுவில் போகிறது. குழந்தைக்குப் பதில் தெரியாது, பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கோ பயம் வந்துவிடும். கணக்கை அலுவலகத்தில் கேளுங்கள். அது உங்கள் உரிமை. பெற்றோரின் பராமரிப்பை இழந்த பிள்ளைகள் வளரும் எஸ்ஓஎஸ் குழந்தைகள் கிராமங்களில் இருக்கும் குழந்தையிடம் பெற்றவர்களைப் பற்றி நீங்களாகத் தோண்டாதீர்கள்.

புகைப்படத்துக்குக் குழந்தையிடமும் பெற்றோரிடமும் அனுமதி கேளுங்கள். தனியுரிமை குழந்தைக்கும் உண்டு என்று ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமைகள் உடன்படிக்கையிலேயே இருக்கிறது. கேமராவில் இருப்பிடப் பதிவை அணைத்து வையுங்கள். குழந்தையின் பெயர், ஊர், சீருடையில் உள்ள பள்ளிச் சின்னம் எதுவும் சமூக ஊடகத்துக்குப் போகக்கூடாது.

பிரியும் நேரத்தில் வாய் தவறும். "அடுத்த வருடமும் வருவோம்", "பெரியவளானதும் எங்கள் நாட்டில் படிக்க வைக்கிறோம்" என்பதெல்லாம் கண்ணீரில் வரும் பேச்சு. நீங்கள் மறந்துவிடுவீர்கள், அந்த வீடு மறக்காது. தத்தெடுப்பதைப் பற்றி விளையாட்டுக்குக்கூடப் பேசாதீர்கள். ஸ்பான்சர்ஷிப்புக்கும் தத்தெடுப்புக்கும் சட்டத்தில் எந்தத் தொடர்பும் இல்லை. உறவினர் யாராவது உங்கள் போன் நம்பரைக் கேட்டால், "எல்லாம் அலுவலகம் மூலமாகத்தான்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். பழியை நிறுவன விதியின் மேல் போடலாம், தப்பில்லை.

ஊர் திரும்பியதும் அன்று எடுத்த படங்களை அச்சிட்டு, கடிதத்தோடு நிறுவனம் மூலம் அனுப்புங்கள். குழந்தையின் வீட்டாருக்குத் தனியாக ஒரு பிரதி இருக்கட்டும். வருடக்கணக்கில் எழுதாமல் இருந்ததைவிட, ஒருமுறை நேரில் வந்து போனபின் எழுதாமல் இருப்பது அந்தக் குழந்தைக்கு உறைக்கும். ஸ்பான்சர்ஷிப்பைத் தொடர முடியாத நிலை வந்தாலும் சத்தமில்லாமல் பணத்தை நிறுத்திவிடாமல், நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கடைசியாக ஒரு கடிதம் எழுத வழி உண்டா என்று கேளுங்கள்.