பச்சையரிசி தின்னும் ஆசை நின்றது இப்படித்தான்

சுளகைக் கையில் எடுத்தாலே பச்சையரிசி ஒரு பிடி வாய்க்குள் போய்விடும். கிளிநொச்சி வீட்டில் அரிசி வாளியை ஒளித்து வைத்தோம். பூச்சிக் குளிசையும் போட்டேன். பலனில்லை. ஹீமோகுளோபின் 12.1, பெண்களுக்கு 12க்குக் கீழ்தான் இரத்தசோகை என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற இரத்தச் சோதனையில் பார்த்தால் 7! 15க்குக் கீழே போனால் உடம்பின் இரும்புச் சேமிப்பு தீர்ந்துவிட்டதென்று அர்த்தம்.

இரும்புக் குளிசை தொடங்கி மூன்று கிழமையாகியும் ஆசை குறையவில்லை. காரணம், குளிசை விழுங்கின கையோடு குடித்த சாயத் தேத்தண்ணி. அதிலுள்ள தனின் இரும்பை உடம்பில் சேரவிடாது. வெறுவயிற்றில் தேசிக்காய்த் தண்ணியோடு குளிசை, இரண்டு மணித்தியாலம் கழித்துத்தான் தேத்தண்ணி என்று மாற்றினேன். பத்தாம் நாள் சுளகில் அரிசி அப்படியே கிடந்தது. பெரிய நிம்மதி.

ஆசை போனதும் குளிசையை நிறுத்தக்கூடாது. சேமிப்பு நிரம்ப மாதக்கணக்காகும். இரும்புக் குறைவால் வந்த இந்தப் பச்சையரிசி ஆசைக்குப் பெயர் பைக்கா. வாயடக்கமில்லை என்று பெண்பிள்ளையை ஏசுவது பிழை.