உள்ளடுக்கு ஆப்ஜெக்ட்களை ஒப்பிடும்போது நல்லைக் கையாள்வது எப்படி

ஒரு ஆப்ஜெக்டில் முகவரியின் மதிப்பு நல் (null, அதாவது 'மதிப்பு இல்லை'). இன்னொன்றில் முகவரி என்ற கீயே (மதிப்புக்கு வைத்த பெயரே) இல்லை. இரண்டும் சமமா? கோட் எழுதும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள். டேட்டாவில் மாற்றங்களை மட்டும் அனுப்பும் ஜேசன் மெர்ஜ் பேட்ச் முறையில் (ஆர்எஃப்சி 7396) நல் என்றால் 'நீக்கிவிடு', கீ இல்லையென்றால் 'தொடாதே'. அங்கே இரண்டையும் ஒன்றாக்கினால் டேட்டா போய்விடும். படிவத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதானால் பெரும்பாலும் ஒன்றாகவே கொள்ளலாம்.

ஜாவாஸ்கிரிப்டில் சோதனைகளின் வரிசைதான் முக்கியம். முதலில் === கொண்டு பாருங்கள். இரண்டும் நல் என்றால் அங்கேயே உண்மை என்று திரும்பிவிடலாம். அடுத்து, ஏதேனும் ஒன்று மட்டும் நல்லா என்று பார்த்துப் பொய் என்று திருப்புங்கள். இதற்குப் பிறகுதான் மதிப்பின் வகையைச் சொல்லும் டைப்ஆஃப். நல்லுக்கும் அது 'ஆப்ஜெக்ட்' என்றே பதில் தரும். வரிசை மாறினால், கீகளை எடுக்கும் வரியில் டைப்எரர் விழும்.

பலர் வழுக்குவது அடுத்த படியில். இரு பக்கமும் கீகளின் எண்ணிக்கை சரியா என்று பார்த்துவிட்டு மதிப்புகளுக்குப் போய்விடுவார்கள். ஒன்றில் 'பெயர்', மற்றதில் 'வயது', இரண்டின் மதிப்புமே அன்டிஃபைன்ட் (மதிப்பு தரப்படாதது) என்று வையுங்கள். எண்ணிக்கை 1, 1. இல்லாத கீயைக் கேட்டாலும் அன்டிஃபைன்ட்தான் வரும், ஆகவே 'சமம்' என்று சொல்லிவிடும். அந்தக் கீ மறுபக்கமும் உண்டா என்று ஹேஸ்ஓன் (Object.hasOwn) கொண்டு உறுதி செய்த பிறகே உள்ளே இறங்குங்கள். நல்லையும் இல்லாத கீயையும் ஒன்றாகக் கொள்வதானால் எண்ணிக்கைச் சோதனையே கூடாது: இரு பக்கக் கீகளையும் ஒரு செட்டில் சேர்த்து, ஒவ்வொன்றின் மதிப்புக்கும் ?? நல் (அன்டிஃபைன்ட் வந்தாலும் நல் என்றே கொள்) போட்டு ஒப்பிடுங்கள்.

இடையில் ஒன்று இல்லாவிட்டால் பிழைக்குப் பதில் அன்டிஃபைன்ட் தரும் ?. போட்டு, முகவரிக்குள் இருக்கும் ஊரை ஒப்பிடுவதும் இதே வகைக் கண்ணிதான். இரு பக்கமும் முகவரி இல்லையென்றால் ஊர் 'ஒன்றே' என்று வரும்.

ஜேசன் ஸ்டிரிங்காக மாற்றி ஒப்பிடும் குறுக்குவழி வேண்டாம். அது அன்டிஃபைன்ட் உள்ள கீயை விட்டுவிடும், நானை (எண் அல்லாத எண்) நல்லாக்கிவிடும், கீகளின் வரிசை மாறினாலே வேறு என்று சொல்லும். தேதி ஆப்ஜெக்ட்களுக்குத் தனி வழி எழுதுங்கள்; அவற்றுக்குச் சொந்தக் கீகள் கிடையாது, அதனால் கீ வழி ஒப்பிட்டால் எந்த இரு தேதியும் சமமாகிவிடும்.

ஜாவாவில் இவ்வளவு பாடு இல்லை: உள்ளிருக்கும் கிளாஸ்களிலும் ஈக்வல்ஸ் எழுதியிருந்தால் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஆப்ஜெக்ட்ஸ்.ஈக்வல்ஸ் போதும், அரேக்களுக்கு மட்டும் டீப்ஈக்வல்ஸ்.